குடிநோயர் கூட்டம்

குடிப்பதைத் தம் விருப்பப்படி நிறுத்த இயலாத நிலைக்கு வந்துவிட்டவரைக் குடிநோயர் என்பர். அது ஒழுக்கக்கேடு அன்று, நோய். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் என்னும் குடிநோயர் இருவர் தத்தம் துன்பத்தை மனம்விட்டுப் பேசியதிலிருந்து வளர்ந்ததே, ஏ.ஏ. எனச் சுருக்கமாக வழங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பு.

தமிழ்நாட்டிலும் தமிழிலேயே நடைபெறும் ஏ.ஏ. கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. முழுப்பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஆம், விருப்பம் ஒன்றே தகுதி. மனைவியோ பெற்றோரோ உடன்வந்து அமரக்கூடியது திறந்த கூட்டம். குடியை விட விரும்புவோர்க்கு மட்டுமே உரியது மூடிய கூட்டம். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்னும் தனி அமைப்பு உண்டு. வீட்டில் குடிப்பவர் வர மறுத்தாலும், அவருடைய மனைவி அங்குச் செல்லலாம் என்பது பலர் அறியாத, அறியவேண்டிய செய்தி.

அருகிலுள்ள கூட்டம் எங்கே என்பதை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, போதை மீட்பு மையத்திலோ, 14446 என்னும் இலவசத் தேசிய உதவி எண்ணிலோ கேட்கலாம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், முதலில் மருத்துவரைக் காண்பது இன்றியமையாதது. ஒரு கூட்டம் மனத்துக்கு ஒட்டாதபோது வேறொரு கூட்டத்துக்குச் செல்லலாம். இடையில் மீண்டும் குடித்துவிட்டவருக்கும் அங்கே கதவு அடைக்கப்படுவதில்லை.