வண்ணத்தின் ஆழம்: அருவ ஓவியத்தில் நிறமும் இடமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதையையே தன் மூச்சாகக் கொண்டிருக்கும் ஓர் அரங்கில், ஓவியத்தைப் பற்றிப் பேச இசைவு தந்தமைக்கு முதற்கண் நன்றி கூறுகின்றேன். தமிழாசிரியைக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். சொல்லைக் கொண்டு ஆழம் தேடுவோர்க்கு, நிறத்தைக் கொண்டு ஆழம் கண்டவர்களின் பட்டறிவு பயன்படும் என்பதே என் விடை.

நான் எடுத்துக்கொண்டிருப்பது 1940களிலும் 1950களிலும் நியூயார்க் நகரை நடுவாகக் கொண்டு எழுந்த அருவ வெளிப்பாட்டிய ஓவியம். ஆங்கிலத்தில் அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிசம் என்று வழங்கப்படுவது. ஹான்ஸ் ஹாஃப்மன், ஜாக்சன் போலக், மார்க் ராத்கோ, பார்னெட் நியூமன், ஹெலன் ஃபிராங்கென்தாலர் முதலியோர் இதில் குறிப்பிடத்தக்கவர்கள். இவ்வகை ஓவியங்கள் நமக்கு முற்றிலும் எட்டாதவை அல்ல. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அனுப்பிய அமெரிக்க ஓவியக் கண்காட்சி ஒன்று 1967ஆம் ஆண்டில் புதுதில்லியில் நடைபெற்றது. ஆயினும் நம்மில் பெரும்பாலோர் இவற்றை அச்சுத் தாளிலும் திரையிலும் மட்டுமே பார்த்திருக்கின்றோம்.

இவ்வோவியங்களைக் குறித்து இருவகைப் பேச்சு நம்மிடையே உண்டு. சுவருக்குச் சாயம் அடித்ததுபோல் இருக்கிறதே, இதுவும் ஓவியமா என்பது ஒன்று. இது சொல்லுக்கு அடங்காத ஆன்மிக அனுபவம் என்பது மற்றொன்று. முன்னது இகழ்ச்சி, பின்னது புகழ்ச்சி. ஆனால் இரண்டும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே ஓவியத்தைப் பார்க்கும் உழைப்பிலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன. ஆகவே இன்று ஒரு சிறிய கேள்வியை மட்டும் கேட்போம். வீடில்லை, மரமில்லை, வழியில்லை, வானமில்லை. அத்தகைய ஓவியத்தில் தொலைவும் அண்மையும் எங்கிருந்து வருகின்றன?

மேலை ஓவியத்தில் ஆழம் காட்டும் முறை பதினைந்தாம் நூற்றாண்டின் இத்தாலியில் இலக்கணமாயிற்று. 1435ஆம் ஆண்டில் ஆல்பர்ட்டி என்பார் அதனை நூலாக எழுதினார். இணைகோடுகள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் வரைந்தால், தட்டையான பரப்பில் ஓர் அறையும் தெருவும் நகரமும் திறந்துகொள்ளும். பெர்ஸ்பெக்டிவ் என்று ஓவியர் வழங்கும் இம்முறையில் ஆழம் அளந்து பெறுவதாகும். பார்ப்பவரும் ஓரிடத்தில், ஒற்றைக் கண்ணோடு நிற்பதாகக் கொள்ளப்படுகின்றார். நிறம் இங்கே துணைமை பூண்டு நிற்கும். தொலைமலையை நீலமாகத் தீட்டுவது போன்ற பணிகளே அதற்கு உரியன. கோடே தலைவன், நிறம் ஏவலாள்.

இருபதாம் நூற்றாண்டில் பொருள்கள் ஓவியத்தை விட்டு வெளியேறின. பொருளோடு அதன் எல்லைக்கோடும், கோட்டோடு கூடுபுள்ளியும் போயின. அப்பொழுது ஏவலாளாக இருந்த நிறம் வீட்டுப் பொறுப்பு முழுவதையும் ஏற்க வேண்டியதாயிற்று.

இப்பொறுப்பை நிறம் எவ்வாறு சுமக்கும் என்று முறையாகச் சிந்தித்தவர் ஹான்ஸ் ஹாஃப்மன். ஜெர்மனியில் 1880ஆம் ஆண்டில் பிறந்த இவர், 1904 முதல் 1914 வரை பாரிஸில் வாழ்ந்து, மத்தீஸின் நிறத்தையும் பிக்காசோ, பிராக் ஆகியோரின் கனவடிவ ஆய்வையும் அண்மையிலிருந்து கண்டவர். பின்னர் மியூனிக்கிலும், 1930களிலிருந்து நியூயார்க்கிலும் ஓவியப் பள்ளி நடத்தினார். நம்மைப் போன்ற ஆசிரியர்தாம். பள்ளியை மூடிவிட்டு முழுநேர ஓவியரானபோது ஆண்டு 1958, அகவை எழுபத்தெட்டு. அதன் பின்னர்த்தான் 'வாயில்' என்னும் புகழ்பெற்ற ஓவியம் பிறந்தது.

ஹாஃப்மன் தம் கொள்கையைத் 'தள்ளலும் இழுத்தலும்' என்று குறித்தார். பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு புள்ளியை நோக்கி அடுக்குவதால் மட்டும் ஆழம் பிறப்பதில்லை. பரப்பின்மேல் நிறங்கள் ஒன்றையொன்று முன்னே இழுத்தும் பின்னே தள்ளியும் இயங்கும் விசையால் பிறக்கின்றது என்பது அதன் சாரம். ஒரு நிறம் முன்வந்தால் அதற்கு ஈடாக மற்றொன்று பின்வாங்க வேண்டும். இவ்வாறு கித்தான் தட்டையாகவே இருக்க, அதன்மேல் நம் கண் முன்னும் பின்னும் சென்று மீள்கின்றது. ஓவியத்தில் துளையிடாமலே ஆழம் பெற்றாயிற்று.

இதற்கு உடலியல் அடிப்படையும் ஓரளவு உண்டு. கண்ணின் வில்லை சிவப்பொளியையும் நீல ஒளியையும் ஒரே அளவாக வளைப்பதில்லை. ஆகவே ஒரே பரப்பில் உள்ள சிவப்பு நீலத்தைவிட அண்மையில் இருப்பதாகப் பலர்க்குத் தோன்றும். சிலர்க்கு இதுவே மாறியும் தோன்றும். ஆனால் 'சிவப்பு முன்வரும், நீலம் பின்செல்லும்' என்பதை நூற்பாவாக மனப்பாடம் செய்துகொள்வது தவறு. மங்கிய செந்நிறத்தின் நடுவே கூர்மையான விளிம்புடைய ஒளிர்நீலத்தை வைத்துப் பாருங்கள், நீலமே முந்திவரும். பரப்பளவு, செறிவு, ஒளி, விளிம்பு, அண்டை நிறம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே ஒரு நிறத்தின் இடத்தை உறுதிசெய்கின்றன. தனி நிறத்துக்கு இடமில்லை. உறவில்தான் இடம் உண்டு.

அந்த உறவை எந்த அளவுக்குச் சுருக்கலாம் என்று சோதித்தவர் பார்னெட் நியூமன். 1948ஆம் ஆண்டில் அவர் தீட்டிய 'ஒன்மென்ட் 1' இரண்டேகால் அடி உயரமே உடையது. செம்பழுப்புப் பரப்பு, அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒட்டிய நாடா, அந்நாடாவின்மேல் ஒளிமிக்க செந்நிறம். அவ்வளவே. அந்தச் செங்கோடு பரப்புக்கு முன்னால் நிற்கின்றதா, அன்றிப் பரப்பு இரண்டாகப் பிளந்து உள்ளிருந்து தெரிகின்றதா? கண் இரண்டையும் மாறிமாறிக் காண்கிறது, ஒன்றிலும் நிலைகொள்வதில்லை. பின்னர் 1950-51இல் அவர் தீட்டிய மாபெரும் செவ்வோவியம் ஏறத்தாழ 2.4 மீட்டர் உயரமும் 5.4 மீட்டர் அகலமும் கொண்டது. 1951ஆம் ஆண்டுக் கண்காட்சியில், பெரிய ஓவியங்களைத் தள்ளி நின்று பார்க்கும் வழக்கத்தை விடுத்து அருகில் நின்று பாருங்கள் என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பையும் அவர் வைத்தார். அருகில் நின்றால் ஓரங்கள் பார்வைக்கு அப்பால் போய்விடும். அப்பொழுது சிவப்பு நாம் பார்க்கும் பொருளாக இருப்பதில்லை; நாம் நிற்கும் இடமாகிவிடுகின்றது.

மார்க் ராத்கோவின் வழி வேறு. இன்று லாட்வியாவில் உள்ள த்வின்ஸ்க் நகரில் 1903ஆம் ஆண்டில் பிறந்து, 1913ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். அவருடைய முதிர்ந்த ஓவியங்களில் இரண்டு அல்லது மூன்று செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதக்கும். நீர்த்த வண்ணத்தை மெல்லிய படலங்களாகப் பலமுறை பூசுவார். ஆகவே மேலுள்ள நிறத்தின் ஊடே கீழுள்ள நிறம் கசிந்து வரும். செவ்வகங்களின் விளிம்பைக் கூர்மையாக்காமல் பஞ்சுபோல் விடுவார். கூர்விளிம்பு ஒரு பொருளை அதன் இடத்தில் அறைந்து நிறுத்திவிடும். கரைந்த விளிம்பு அதனை மூச்சுவிட வைக்கும். 1961ஆம் ஆண்டின் இலண்டன் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய குறிப்பில் ஒளியை மிகையாக்க வேண்டா, ஓவியங்களைத் தாழ்வாக மாட்டுக என்று கேட்டிருந்தார். நிறம் இடமாக மாறும் நிகழ்ச்சிக்குச் சுவரும் விளக்கும்கூடப் பொறுப்பு என்பதை அவர் அறிந்திருந்தார். தம்மை நிறவியலார் என்று புகழ்வதை அவர் விரும்பவில்லை. துயரம், பேருவகை, அழிவு போன்ற அடிப்படை மனித உணர்வுகளே தம் பொருள் என்றார்.

ஹெலன் ஃபிராங்கென்தாலர் நிறத்தைப் பரப்பின்மேல் வைக்கவே இல்லை, உள்ளே புகுத்தினார். 1952ஆம் ஆண்டில், இருபத்து மூன்று அகவையில், அடிப்பூச்சு இல்லாத கித்தானைத் தரையில் விரித்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றி ஊறவிட்டார். 'மலைகளும் கடலும்' என்னும் அவ்வோவியத்தில் வண்ணமும் துணியும் ஒன்றே. முன் எது, பின் எது என்று பிரிக்க இயலாத ஓர் ஆழம் அங்கே தோன்றியது. ஆங்காங்கே பூசாமல் விட்ட வெற்றுத் துணியும் ஒளியாகவே நிற்கின்றது. மறுஆண்டு அதனைக் கண்ட மாரிஸ் லூயி, கென்னத் நோலண்ட் ஆகிய இருவரும் தம் வழியையே மாற்றிக்கொண்டனர். போலக்கிற்கும் இனிச் செய்யக்கூடியதற்கும் இடையே அவர் ஒரு பாலம் என்று லூயி பாராட்டினார். நல்லெண்ணத்தோடு சொன்ன சொல்தான். ஆயினும் பாலம் என்பது பிறர் மிதித்துக் கடப்பது. அப்பெண்மணி 2011ஆம் ஆண்டில் மறையும் வரை அறுபதாண்டுக் காலம் தீட்டியவற்றைப் பாலமாக அன்றிக் கரையாகவே காண வேண்டும் என்பது என் துணிபு.

இங்கே திறனாய்வாளர் கிளெமென்ட் கிரீன்பர்க்கைக் குறிப்பிட வேண்டும். தட்டையாய் இருத்தலே ஓவியத்துக்கு மட்டும் உரிய தனித்தன்மை என்று 1960ஆம் ஆண்டில் எழுதிய புகழ்மிக்க கட்டுரையில் அவர் வாதிட்டார். ஆனால் கித்தானில் இடும் முதற் குறியே அதன் முழுத் தட்டைமையை அழித்துவிடும் என்பதையும் அதே கட்டுரையில் ஒப்புக்கொண்டார். அவரைப் பின்பற்றியோர் முன்னதைப் பிடித்துக்கொண்டு பின்னதை விட்டனர். நான் மேலே சொன்ன ஓவியர்களோ அந்தப் பின்னதில்தான் வாழ்ந்தார்கள். முன்பு ஆழம் என்பது நாம் நடந்து புகக்கூடிய வெளி; இவர்களிடம் அது கண்ணால் மட்டுமே புகக்கூடிய வெளி.

இவ்வளவும் கோட்பாடு. இக்கோட்பாட்டுக்கு ஒரு துயரமான சான்றும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக ராத்கோ தீட்டிய ஐந்து பெருஞ்சுவரோவியங்கள் 1964ஆம் ஆண்டில் அங்கே ஓர் உணவுக்கூடத்தில் நிறுவப்பெற்றன. உயர்மாடி, பெரிய சன்னல்கள், நிறைந்த வெயில். ஆழ்ந்த செந்நிறத்துக்கு அவர் பயன்படுத்திய லித்தால் ரெட் என்னும் நிறமி வெயிலைத் தாங்காதது. செம்மை வெளுத்து, ஓவியங்களின் சில பகுதிகள் வெளிர்நீலமாயின. 1979ஆம் ஆண்டில் அவை இறக்கப்பட்டு இருட்டறைக்குப் போயின. வரைந்த வடிவங்கள் அனைத்தும் அவ்வாறே இருந்தன. ஒரு தூணும் நகரவில்லை. ஒரு விளிம்பும் அழியவில்லை. போனது ஒரு நிறம். அதனோடு ஓவியத்தின் இடமே போயிற்று.

2014ஆம் ஆண்டில் அவற்றை மீண்டும் காட்சிக்கு வைத்தபோது ஓவியத்தைத் தொடாமலே ஒரு வழி கண்டனர். எந்தப் புள்ளியில் எவ்வளவு நிறம் குறைந்ததோ, அந்தப் புள்ளியில் அவ்வளவு நிறத்தை ஒளியாக வீழ்த்தினர். பழைய செம்மையும் பழைய ஆழமும் மீண்டன. நாள்தோறும் மாலை 4 மணிக்கு அவ்வொளியை அணைத்தனர். வெளுத்த கித்தான் மட்டும் எஞ்சியது. நிறம் ஓவியத்தின் அணி அன்று, அதன் கட்டடமே என்பதை அந்த ஒரு நொடி எந்த நூலையும்விடத் தெளிவாகக் காட்டியிருக்கும். ஒளிவீழ்த்தி மீட்டது ராத்கோவின் ஓவியந்தானா, அதன் நிழலா என்ற வினாவும் அங்கேயே பிறந்தது. அவ்வினாவுக்கு எளிய விடை இல்லை; இருக்கவும் வேண்டா.

கவிஞர் பெருமக்களே, உங்களிடம் வருகின்றேன். தமிழில் 'வண்ணம்' என்னும் சொல் நிறத்தையும் குறிக்கும்; செய்யுளின் ஓசை வேறுபாட்டையும் குறிக்கும். தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களைக் கூறுகின்றது. ஓசையும் நிறமும் ஒரு சொல்லில் கூடியதை நான் தற்செயல் என்று தள்ளிவிட விரும்பவில்லை. இரண்டும் தனித்து நின்று பொருள்படுவன அல்ல. அடுத்ததோடு உறழ்ந்தே உயிர்பெறுவன.

இன்றைய கவிதைகள் சிலவற்றில் 'ஆழம்', 'மௌனம்', 'வெறுமை', 'பிரபஞ்சம்' என்னும் சொற்களைக் காணும்போது எனக்கு ஓர் ஐயம் எழுகின்றது. ஆழம் என்று எழுதினால் ஆழம் வந்துவிடுமா? கருநீலத்தைப் பூசிவிட்டு இது தொலைவு என்று எழுதி வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எளிய சொல் ஒன்று, தன் அண்டைச் சொல்லால் தள்ளுண்டு, எதிர்பாராத தொலைவுக்குப் போவதையே நாம் நல்ல கவிதையில் உணர்கின்றோம். அச்சொல்லை எடுத்துவிட்டால் கவிதையின் இடமே சரிய வேண்டும். சரியவில்லையென்றால், அது அங்கே அணியாக இருந்தது, கட்டடமாக இருக்கவில்லை.

ஆகவே இவ்வட்டத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே. வரும் ஆண்டுகளில் ஒருவர் கவிதையை மற்றவர் படிக்கும்போது 'இதன் கருத்து என்ன' என்று கேட்பதோடு நில்லாமல், 'இந்தச் சொல் எதைத் தள்ளுகிறது, எதை இழுக்கிறது' என்றும் கேளுங்கள். பாராட்டைவிட அவ்வினா கவிஞருக்குப் பெரிய மரியாதை. பத்தாண்டு கூடி அமர்ந்த நண்பர்களுக்கிடையே அதைக் கேட்கும் உரிமையும் தாங்கும் வலிமையும் உண்டு என்று நம்புகின்றேன்.