வீணடித்தவருக்கு நோட்டீஸ் எங்கே?



எனக்குக் கொடுத்த தலைப்பு 'வரியும் வாழ்வும்'. மேடை ஏறும்போது ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, வீட்டு வரியைப் பற்றிப் பேசாமல் இறங்கிவிடாதே" என்றார். பேசுகிறேன் ஐயா. இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

2022 ஏப்ரலில் என்ன நடந்தது? 600 சதுர அடி வீட்டுக்கு 25 சதவீதம் ஏறியது. 1200 வரைக்கும் 50. 1800 வரைக்கும் 75. அதற்கு மேலே போனால் 100. கடை வைத்திருக்கிறவர்களே, உங்களுக்கும் 100! அப்புறம் 2024-இல் இன்னொரு 6 சதவீதம். கேட்டால், "நிதிக்குழு சொல்லிவிட்டது, உயர்த்தாவிட்டால் மானியம் வராது" என்றார்கள். 15-ஆவது நிதிக்குழு அப்படி நிபந்தனை போட்டது உண்மைதான். நான் மறுக்கவில்லை. வரி இல்லாமல் அரசாங்கம் இல்லை. விடியற்காலையில் நம் தெருவைக் கூட்டுகிற அந்த அம்மாவுக்குச் சம்பளம் என் வரியிலிருந்து போகிறது என்றால், நான் சந்தோஷமாகக் கட்டுவேன். நீங்களும் கட்டுவீர்கள்.

என் கேள்வி வேறு. அரையாண்டு பிறந்த முதல் மாதத்தில் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. தாமதமானால் வட்டி. இன்னும் தாமதமானால் நோட்டீஸ். நியாயம். தாமதமாகக் கட்டுகிறவனுக்கு நோட்டீஸ் உண்டு. கட்டின பணத்தை வீணடித்தவருக்கு நோட்டீஸ் எங்கே? யார் கொடுத்தார்கள்? எந்த வாசலில் ஒட்டினார்கள்?

கை தட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதை சொல்கிறேன்.

சென்னையில் அண்ணா சாலை. அங்கே ஒரு தோட்டம். இந்தத் திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் விவசாயி ஒருவரின் பேரைத்தான் அந்தத் தோட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். அவர் பேரை நான் சொல்லப்போவதில்லை. இந்த மண்ணில் அவர் பேரைச் சொல்லித்தான் தெரியவேண்டுமா? நாடு விடுதலை அடைந்த அன்றைக்குச் சென்னை மாகாணத்தின் முதல்வர் அவர்தான். ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த மாகாணம்! அவ்வளவு பெரிய மாகாணத்தைப் பழைய ஜார்ஜ் கோட்டையில் இருந்தபடியே ஆண்டார். புதுக் கட்டடம் கேட்கவில்லை. இருந்தது இரண்டே வருடம். கோயில் கதவு எல்லோருக்கும் திறந்தது. தேவதாசி முறை ஒழிந்தது. ஜமீன் ஒழிந்தது. 1949-இல் பதவி போனது. மனிதர் வடலூருக்குப் போய் வள்ளலார் வழியில் பள்ளிக்கூடம் நடத்தினார். அவ்வளவுதான் அவர் சேர்த்த சொத்து.

அவர் பேர் வைத்த தோட்டத்தில் என்ன செய்தார்கள்? ஜெர்மனிக் கம்பெனியின் வடிவமைப்பில் புதுத் தலைமைச் செயலகம். 2010 மார்ச் 13, பிரதமரே வந்து திறந்தார். திறக்கிற நாளில் மேலே கும்மட்டம் முடியவில்லை. விட்டார்களா? சினிமா செட் போடுகிறவர்களை வைத்து ஒரு கும்மட்டம் போட்டார்கள்! அது கோடிக்கணக்கில். கட்டடத்துக்கு நூற்றுக்கணக்கான கோடிகள். யார் பணம்? உங்கள் பணம்!

சட்டமன்றம் அங்கே போனது. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. ஒன்றேகால் வருடம்கூட நிறையவில்லை. திரும்பக் கோட்டைக்கே வந்தாயிற்று. கட்டடம் பூட்டிக் கிடந்தது. அப்புறம் இடித்து, அடைத்து, மாற்றி, 2014-இல் மருத்துவமனை ஆக்கினார்கள். "ஆஸ்பத்திரி நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஏழை நோயாளி அங்கே பிழைத்து வருகிறான், நான் கும்பிடுகிறேன். ஆனால் ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் முதலிலேயே ஆஸ்பத்திரியாகக் கட்டியிருக்கக் கூடாதா? மந்திரிக்கு ஒரு தடவை, நோயாளிக்கு ஒரு தடவை என்று ஒரே கட்டடத்துக்கு இரண்டு தடவை நாம் பணம் கட்டினோமே!

கதை முடியவில்லை. கட்டினதில் முறைகேடு என்று ஒரு விசாரணைக் கமிஷன். ஏழு வருடம் இழுத்தது. அதற்கு ஒரு நாலு கோடி. 2018-இல் உயர் நீதிமன்றமே கேட்டது, இந்தக் கமிஷன்களால் என்ன பயன் என்று. வீண் செலவை விசாரிக்க ஒரு வீண் செலவு! இதில் ஒருவருக்காவது நோட்டீஸ் போனதா?

அதே 2011. இது வாசகர் வட்டத்துக் கூட்டம். இதை நான் சொல்லாமல் போக முடியாது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதையும் எடுத்துவிட்டுக் குழந்தைகள் மருத்துவமனை வைக்கிறோம் என்றார்கள். நீதிமன்றம் தடை போட்டதால் அந்தப் புத்தகங்கள் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன. சமச்சீர் பாடப்புத்தகம்? சுமார் 200 கோடிக்கு அச்சடித்தாயிற்று. வேண்டாம் என்றார்கள். பிள்ளைகள் இரண்டு மாதம் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தன. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. கொடுத்தார்கள்; எப்படி? பிடிக்காத பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டி! அந்த ஸ்டிக்கருக்கும் காசு நீங்கள்தான் கொடுத்தீர்கள் தாயே!

ஒருவர் தன் பேர் நிலைக்கவேண்டும் என்று செலவு செய்கிறார். அடுத்தவர் அந்தப் பேரை அழிக்கச் செலவு செய்கிறார். எழுதுகிற செலவும் நம்முடையது, அழிக்கிற செலவும் நம்முடையது. 2021 ஆகஸ்டில் வெள்ளை அறிக்கை வந்தது. குடும்பத்துக்கு இரண்டு லட்சத்து அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம் கடன் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்தது. நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா? நான் போடவில்லை!

இப்படிப் பேசினால் சிலருக்குக் கோபம் வருகிறது. போன மாதம் ஒருவர் மேடையில் சொன்னாராம், "வரி கட்டவே அழுகிறவர்களுக்கு வளர்ச்சி எப்படிப் புரியும்?" என்று. பேர் சொல்லமாட்டேன். சொன்னால் அதுவும் அவருக்கு ஒரு விளம்பரம். ஏற்கெனவே முச்சந்திக்கு முச்சந்தி அவர் பிளெக்ஸ்தான். அந்த பிளெக்ஸுக்குக் கம்பு நட்ட பள்ளம் யார் ரோட்டில்? நகராட்சி ரோட்டில்! பள்ளத்தை மூடினது யார்? நகராட்சி! நகராட்சிக்குப் பணம் கொடுத்தது யார்? சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள், அவர் வீட்டு வாசலுக்குக் கேட்கட்டும்! ஒரு பஸ் ஸ்டாண்டுக்காக இந்த ஊர் எத்தனை தேர்தலைப் பார்த்தது? வெயிலில் நின்றது நாம். வளர்ச்சி நமக்கா புரியாது?

நல்லது நடந்தால் அதையும் நான் சொல்வேன். 2021-இல் ஆட்சி மாறியபோது, முந்தைய முதல்வர்கள் படம் போட்ட பள்ளிப் பைகள் 65 லட்சம் கையிருப்பில் இருந்தன. தூக்கிப்போட்டுவிட்டுப் புதுப் படம் அச்சடித்திருக்கலாம். படம் இருந்தால் இருக்கட்டும், பிள்ளைகளிடம் கொடுங்கள் என்று முதல்வர் சொல்லிவிட்டார். 13 கோடி மிச்சம் என்று சட்டமன்றத்தில் சொன்னார்கள். அதைச் செய்தவர்களைப் பாராட்டுகிறேன். பைக்கு முடிந்தது கட்டடத்துக்கு ஏன் முடியாது? அந்த ஓமந்தூர் விவசாயி இருந்தால் இதைத்தான் கேட்டிருப்பார்.

சரி, நாம் என்ன செய்வது? ராஜஸ்தானுக்கு வாருங்கள். பாலி மாவட்டம், கோட் கிரானா என்று ஒரு கிராமம். 1994 டிசம்பர். கூலி வேலை செய்கிறவர்கள் மக்கள் முன்னால் பஞ்சாயத்துக் கணக்கை வாசிக்க வைத்தார்கள். கூலிப் பதிவேட்டில் இருக்கிற பேரை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். வேலைக்கே போகாதவர் பேரில் கூலி! எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எழுந்து நின்று, "இது பொய்" என்றார்கள். ஒரே ஒரு கேள்விதான் அவர்களுடையது: எங்கள் பணம், எங்கள் கணக்கு எங்கே? அந்தப் போராட்டத்தை நடத்திய அருணா ராய் யார்? ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டுப் போனவர். பிறந்தது நம் சென்னையில்! இப்போது தட்டுங்கள் கையை!

அந்தப் போராட்டத்தில் முளைத்ததுதான் 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அது உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும். என் தெருச் சாலைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், யாருக்கு ஒப்பந்தம், எத்தனை வருடம் உத்தரவாதம், பில் யார் பாஸ் செய்தார்? நாலே கேள்வி. கிராமத்திலிருந்து வந்தவர்களே, உங்களுக்குக் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறு நாளும் போங்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள், வாசிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். நகரத்துக்காரர்களுக்கு ஏரியா சபை இருக்கிறது. கூட்டவில்லை என்றால் ஏன் கூட்டவில்லை என்று அதற்கும் ஒரு பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டுங்கள்.

நோட்டீஸ் எங்கே என்று இவ்வளவு நேரம் கேட்டேன். அதை நம்மைத் தவிர யாரும் கொடுக்கமாட்டார்கள். வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். மனுத்தாள் இருக்கிறது, ஸ்டாம்ப் இருக்கிறது, எழுதிக் கொடுக்க நம் வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு தெருவுக்கு ஒரு மனு போடாமல் யாரும் வீட்டுக்குப் போகாதீர்கள். அடுத்த கூட்டத்துக்குப் பதில் கடிதத்தோடு வாருங்கள். ஒவ்வொன்றையும் இதே மைக்கில் வாசிப்போம், பில் பாஸ் செய்தவர் பதவியோடு வாசிப்போம். முதல் கடிதத்தைக் கொண்டு வருகிறவர் இந்த மேடையில் தலைமை நாற்காலியில் உட்காருவார்.