கல்லாவிலிருந்து வார்டுக்கு
(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)



 

நான் கடைக்காரன். மளிகைச் சாமான் விற்பதுதான் என் தொழில். படிப்பு என்று சொன்னால், நம் சி ரூசாவிலேயே இருக்கும் போர்ட்டிக்சன் பாலிடெக்னிக்கில் வணிகத் துறையில் டிப்ளோமா முடித்தவன். செயலாளர் அண்ணன் என்னிடம் வந்து, “தம்பி, தாதிமைப் படிப்பைப் பற்றிப் பேச வேண்டும்” என்றார். “என் தங்கச்சியைக் கூப்பிடுங்களேன்” என்றேன். “அவளுக்கு இன்று மாலை ஷிப்ட். அதோடு, நீ பேச வேண்டியது வேறு இருக்கிறது” என்றார். அவர் எதைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அதை மறைக்காமல் இன்று சொல்லிவிடுகிறேன்.

என் பாட்டனார் இராமநாதபுரம் பக்கமிருந்து வந்து, இந்தப் பகுதித் தோட்டங்களில் சைக்கிளில் துணி மூட்டை கட்டி விற்றவர். லயத்துக்கு லயம் போவார். பால்மரக் காலத்து மக்களுக்கு நோய் என்றால் முதலில் ஓடுவது தோட்டத்து டிரசரிடம்தான் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காயத்துக்கு மருந்து கட்டுவதும், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் அவர்தான். இன்று பால்மரம் போய் செம்பனை வந்துவிட்டது. லயங்களும் குறைந்துவிட்டன. நம் பிள்ளைகள் எல்லாரும் டவுனுக்கு வந்துவிட்டோம். ஆனால் நோயாளியின் பக்கத்தில் நின்று காயம் கட்டுகிற அந்த வேலைக்கு நம் குடும்பங்களிலிருந்து எத்தனை பேர் போயிருக்கிறோம்? எங்கள் குடும்பத்தில் என் தங்கைக்கு முன் ஒருவரும் இல்லை.

அவள் 2010-ல் எஸ்.பி.எம். எழுதினாள். நல்ல தேர்ச்சி. நான் அப்போது பாலிடெக்னிக்கில் இருந்தேன். அத்தாவுக்குக் கடையில் ஆள் தேவைப்பட்டது. “கொஞ்ச நாள் கல்லாவில் உட்காரும்மா” என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் பத்து வருஷமானது.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நேரத்தில் அத்தாவுக்கு இனிப்பு நீரால் காலில் புண். தினமும் கிளினிக்கிற்கு அழைத்துப் போய் வருவது பெரும்பாடு. அங்கே இருந்த ஒரு மிஸ்ஸி என் தங்கையைக் கூப்பிட்டு, கை கழுவுவதிலிருந்து, உப்புநீரால் புண்ணைத் துடைப்பது, சுத்தமான இடத்திலிருந்து அசுத்தமான இடத்தை நோக்கித் துடைப்பது, ஒரு முறை துடைத்த பஞ்சை மறுபடி தொடாமல் இருப்பது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். வீட்டிலேயே அவள் கட்டினாள். அல்ஹம்துலில்லாஹ், அத்தாவின் கால் தப்பியது.

ஒருநாள் கடை சாத்தும் நேரத்தில் என்னிடம் வந்து, “அண்ணே, நான் தாதிமை படிக்கப் போறேன்” என்றாள். அப்போது அவளுக்கு வயது 27.

நான் சிரித்தேன். அதுதான் என் முதல் தவறு. பிறகு காரணங்களை அடுக்கினேன். வயது போய்விட்டது, ராத்திரி வேலை, கல்யாணப் பேச்சு நின்றுவிடும், ஆண் நோயாளிகளைத் தொட வேண்டி வரும் என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அவள் போனால் கல்லாவில் யார்?

ஆறு மாதம் இப்படியே இழுத்தேன். கடைசியில் நம் இமாமிடம் போய், அவர் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைக்கலாம் என்று நினைத்தேன். அவர் என்னிடம் ருஃபைதா அல்அஸ்லமிய்யா (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னார். அகழ்ப் போரில் காயம்பட்ட ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களைப் பள்ளிவாசலிலேயே அமைக்கப்பட்ட கூடாரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அந்த அம்மையார். “பள்ளிவாசலுக்குள்ளேயே இடம் கொடுத்த வேலைக்கு நீ உன் வீட்டில் இடம் கொடுக்க மாட்டாயா?” என்று கேட்டார். பதில் பேசாமல் திரும்பி வந்தேன்.

அடுத்தது பணம். இங்கே கடை வைத்திருக்கும் சகோதரர்கள் எல்லாரும் கவனமாகக் கேளுங்கள். தனியார் கல்லூரியில் கட்டணம் ஐம்பதாயிரம் வெள்ளிக்கு மேல் வந்தது. ஊழியர் சேமநிதியிலிருந்து படிப்புக்குப் பணம் எடுக்கலாம் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். “அண்ணே, என் பெயரில் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டாள். பத்து வருஷம் காலை எட்டு மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்தவள். அவள் பெயரில் ஒரு காசு இல்லை. சம்பளச் சீட்டும் இல்லை. கடையில் வேலை செய்த வெளியாட்களுக்கு மாதா மாதம் கட்டினோம். வீட்டுப் பிள்ளைதானே என்று அவளுக்குக் கட்டவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பி.டி.பி.டி.என். கடன் கிடைத்தது, மீதியை நான் போட்டேன். அதை உதவி என்று நான் எங்கும் சொல்வதில்லை. அவளுக்குச் சேர வேண்டியதைத் தாமதமாகக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

சேருவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்தோம். ஒன்று, தகுதி. அப்போது எஸ்.பி.எம்.மில் ஐந்து பாடங்களில் கிரெடிட் கேட்டார்கள். மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம் அந்த ஐந்தில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். இரண்டாவது, அந்தப் படிப்புக்கு எம்.க்யூ.ஏ. தகுதியும் மலேசியத் தாதியர் வாரியத்தின் அங்கீகாரமும் இருக்கிறதா என்பது. முன்பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள். கட்டடம் அழகாக இருக்கிறது, சீருடை அழகாக இருக்கிறது என்று கட்டிவிடாதீர்கள். வாரியம் ஏற்காத படிப்பை முடித்தவர் பதிவுத் தேர்வில் உட்கார முடியாது.

படிப்பு மூன்று வருஷம். வகுப்பில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அவர்கள் இவளை “கக்கா” என்று கூப்பிட்டார்கள். உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல் எல்லாம் ஆங்கிலப் புத்தகம். வார்டில் பேசுவது மலாய். படுக்கையில் கிடக்கும் பாட்டி பேசுவது தமிழ். மூன்றையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிப் பேச வேண்டும். பத்து வருஷம் புத்தகத்தைத் தொடாதவளுக்கு முதல் செமஸ்டரில் எலும்புகளின் பெயர்களே பெரும் சுமை. அவற்றைச் சீட்டில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். எங்கள் அம்மாவுக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரு பாடத்தில் மட்டும் நான் அவளுக்கு வாத்தியார். மருந்துக் கணக்கு. மருத்துவர் 375 மில்லிகிராம் கொடுக்கச் சொல்கிறார். புட்டியில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் இருக்கிறது. எத்தனை மில்லிலிட்டர் கொடுப்பாய்? அவள் சூத்திரத்தைப் பார்த்துப் பயந்தாள். நான் கேட்டேன்: “ஐந்து கிலோ அரிசி இருபது வெள்ளி. முப்பது வெள்ளிக்கு எத்தனை கிலோ போடுவாய்?” யோசிக்காமல் “ஏழரை” என்றாள். “அதே கணக்குதான், ஏழரை மில்லிலிட்டர்” என்றேன். அடுத்து சொட்டு மருந்து. 500 மில்லிலிட்டர் நீரை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாய். மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. கல்லாவில் உட்கார்ந்த பத்து வருஷம் வீண்போகவில்லை என்று அன்றுதான் அவள் முகத்தில் ஒரு தெளிவைப் பார்த்தேன். வயது கூடிப் படிக்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. கோபமாக வருகிற வாடிக்கையாளரைச் சமாளித்தவளுக்கு, வலியில் கத்துகிற நோயாளியிடம் பேசத் தெரியும்.

மூன்று வருஷம் முடித்துவிட்டாலே தாதி ஆகிவிடலாம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்படியில்லை. நம் நாட்டில் தாதியர் சட்டம் 1950-லேயே வந்துவிட்டது. மெர்டேக்காவுக்கு ஏழு வருஷம் முன்பே. வாரியத்தின் தேர்வில் தேறி, பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் பதிவுபெற்ற தாதி. அதன் பிறகும் ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்ந்து பயிற்சிகளில் கலந்து புள்ளிகள் சேர்க்க வேண்டும். நாம் கடை லைசென்ஸ் புதுப்பிப்பது போலத்தான்.

அந்தத் தேர்வுக்கு முன் ரமலான் வந்தது. நம் கடையில் ரமலான் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பேரீச்சம்பழம், கஞ்சிச் சாமான், பெருநாள் சாமான். “முப்பது நாள்தானே, மாலையில் மட்டும் கல்லாவில் இரும்மா” என்றேன். அவள் மறுக்கவில்லை. நோன்பும் வைத்து, கல்லாவிலும் இருந்து, தராவீஹுக்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தபடியே தூங்கிப் போவாள்.

தேர்வில் தேறவில்லை.

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கடைக்கு வருகிறவர்கள் “என்ன, வேலை கிடைத்துவிட்டதா?” என்று கேட்பார்கள். அவள் சாமானை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே “இன்னும் இல்லைங்க” என்பாள். அப்படிப் பல மாதங்கள்.

அடுத்த தேர்வு வரை கடைப்பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கல்லாவுக்கு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்தேன். இதை முன்பே செய்திருக்கலாம். அவளும் படிக்கும் முறையை மாற்றினாள். முதல் முறை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாள். அங்கே கேட்பது வேறு. ஒரு நோயாளி மூச்சுத் திணறுகிறார், நான்கு விடைகள். மருத்துவரை அழைப்பது, கோப்பில் எழுதுவது, குடும்பத்துக்குச் சொல்வது, சுவாசப் பாதை அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வது. நான்கும் செய்ய வேண்டியவைதான். எதை முதலில் செய்வாய் என்பதுதான் கேள்வி. முதலில் சுவாசப் பாதை, பிறகு மூச்சு, பிறகு இரத்த ஓட்டம். இரவில் நானும் அம்மாவும் கேள்விகளை வாசிப்போம். அவள் விடையை மட்டும் சொன்னால் போதாது. மற்ற மூன்றும் ஏன் முதலில் வராது என்றும் எங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். எங்களுக்குப் புரிந்தால் அவளுக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாம் முறை தேறினாள். முடிவு வந்த அன்று அத்தா காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, யாருடைய கையையும் பிடிக்காமல் பள்ளிவாசலுக்கு நடந்து போனார்.

இன்று அவளுக்குச் சம்பளச் சீட்டு வருகிறது. சேமநிதியும் ஏறுகிறது. ராத்திரி ஷிப்ட் உண்டு; பெருநாள் அன்றும் சில சமயம் வேலை உண்டு. சுலபம் என்று நான் சொல்லமாட்டேன்.

பொன்விழா நேரத்தில் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் கல்வி நிதி, பள்ளி முடித்துக் கல்லூரி போகிற பிள்ளைகளுக்கு உதவுகிறது; மிக நல்ல காரியம். ஆனால் 25 வயதைத் தாண்டி மறுபடி படிக்க வருகிறவர்களுக்கு அந்தப் பாரத்தில் இடமில்லை. கடையில், வீட்டில், தொழிற்சாலையில் பத்து வருஷம் கழித்துவிட்டுப் படிக்க நினைக்கும் நம் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் அந்தப் பாரத்தில் ஒரு கட்டம் போடுங்கள். கடைக்கார சகோதரர்களே, கல்லாவில் உட்காரும் உங்கள் பிள்ளைகளுக்கும் தங்கைகளுக்கும் இந்த மாதத்திலிருந்தே சேமநிதி கட்டுங்கள். முதல் நன்கொடையாக ஆயிரம் வெள்ளியை இங்கேயே தலைவரிடம் கொடுக்கிறேன்.