இறங்கும் நேரத்தில் ஓர் எண்



விமானம் இறங்கப் போகிறது என்ற அறிவிப்பு வந்ததும் பயணிகள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே ஊர் தெரிகிறதா என்று பார்க்கத் தொடங்குவார்கள். அதே அரைமணி நேரத்தில் முன்னால், மூடிய கதவுக்குப் பின்னே, விமானிகள் இருவருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது.

35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானம், தரையைத் தொட ஏறக்குறைய 200 கிலோமீட்டர் இருக்கும்போதே இறங்கத் தொடங்க வேண்டும். ஊரின் வானிலையைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த ஓடுபாதை, எந்த வழியில் அணுகுவது என்று இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டும், இறக்கையின் ஃப்ளாப்களை நீட்ட வேண்டும், சக்கரங்களை இறக்க வேண்டும். உயரம் காட்டும் கருவியை அந்த ஊரின் காற்றழுத்தத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். இத்தனைக்கும் நடுவே ஹெட்செட்டில் தரைக் கட்டுப்பாட்டாளரின் குரல் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்: புதிய உயரம், புதிய திசை, புதிய வேகம், அடுத்து அழைக்க வேண்டிய அலைவரிசை. எல்லாமே எண்கள்.

அந்த எண்களைக் காப்பாற்ற வகுத்த முறை எளிமையானது. கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ரீட்பேக் என்பார்கள். திருப்பிச் சொன்னது சரிதானா என்று கட்டுப்பாட்டாளர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் ஆபத்துதான்.

1989 பிப்ரவரி 19 அதிகாலை. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்தது ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம். எந்த முறையில் தரையிறங்குவது என்பதிலேயே விமானி அறையில் குழப்பம் இருந்தது. அந்த நேரத்தில் 2,400 அடிக்கு இறங்கச் சொன்ன கட்டுப்பாட்டாளர், ஆயிரம், நூறு என்று பிரித்துச் சொல்லாமல், ஆங்கிலத்தில் "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று எண்களை வரிசையாகச் சொன்னார். முதலில் வந்த "டூ" என்பதை விமானிகள் எண்ணாகக் கேட்கவில்லை. "அந்த உயரத்துக்கு" என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்கள். 400 அடி என்று திருப்பிச் சொன்னார்கள். யாரும் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி கத்தியும் பயனில்லை. பூச்சோங் அருகே குன்றில் மோதி, விமானத்தில் இருந்த நால்வரும் இறந்தார்கள்.

அங்கே ரீட்பேக்கே தவறு. ரீட்பேக் சரியாக இருந்தும் பேரழிவு நேர்ந்தது நம் நாட்டு வானத்தில். அதைத்தான் நேயர்கள் சற்று நின்று கேட்க வேண்டும்.

1996 நவம்பர் 12. மாலை இருட்டிவிட்டது. சவுதி அரேபிய போயிங் 747 டெல்லியிலிருந்து 312 பேருடன் மேலேறிக்கொண்டிருந்தது. எதிரே, கஜகஸ்தானின் இல்யூஷின் 76 விமானம் 37 பேருடன் டெல்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. வருவதற்கும் போவதற்கும் அன்று ஒரே வான்பாதைதான். சவுதி விமானத்துக்கு 14,000 அடி, கஜக் விமானத்துக்கு 15,000 அடி. இடையே 1,000 அடி. விதிப்படி அது போதுமான இடைவெளி.

டெல்லியில் இருந்த ராடார் பழையது. திரையில் விமானம் ஒரு புள்ளியாகத் தெரியும். எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று காட்டாது. விமானத்திலிருந்து வரும் சொல்லை நம்புவதைத் தவிரக் கட்டுப்பாட்டாளருக்கு வேறு வழியில்லை. 15,000 அடிக்கு வந்துவிட்டோம் என்று கஜக் விமானம் சொன்னது. எதிரே சவுதி விமானம் வருகிறது, கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று அவர் எச்சரித்தார். அதற்கும் பதில் வந்தது.

ஆனால் கஜக் விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது.

ஏன்? அந்த விமானி அறையில் ஐந்து பேர். டெல்லியுடன் பேசியவர் விமானத்தை ஓட்டியவர் அல்ல. ரேடியோவுக்கென்றே ஓர் ஊழியர். அவர் இடத்தில் உயரம் காட்டும் கருவி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் அவர் உயரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோவியத் மரபில் மீட்டரில் பறந்து பழகியவர்களுக்கு டெல்லி அடிக்கணக்கில் பேசியது. ஆங்கிலமும் அவர்களுக்குச் சரளமில்லை. எண் ரேடியோக்காரரின் காதுக்கு வந்தது, அவர் வாயால் சரியாகவே திரும்பியும் போனது. விமானத்தை ஓட்டிய கைகளில் மட்டும் அது நிலைக்கவில்லை. கடைசி நொடிகளில் அதைக் கவனித்த ரேடியோ ஊழியர் மேலே போகச் சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

ஹரியானாவின் சர்கி தாத்ரி வயல்களின்மேல் இரண்டும் மோதின. 349 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. வானில் விமானங்கள் மோதிய விபத்துகளில் இதைவிட அதிக உயிர்களைப் பறித்தது வேறில்லை. நீதிபதி லஹோதி ஆணையம் விசாரித்து, அனுமதித்த உயரத்துக்குக் கீழே கஜக் விமானம் இறங்கியதே காரணம் என்றது. தனிமனிதர்களைப் பழிப்பதோடு விசாரணை நின்றிருந்தால் ஒன்றும் மாறியிருக்காது. நல்லவேளையாக, டெல்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனிப் பாதைகள் வந்தன. உயரம் காட்டும் ராடார் வந்தது. எதிரே விமானம் வந்தால் விமானியையே எச்சரிக்கும் கருவி இந்திய வானில் கட்டாயமாயிற்று.

மற்றொரு விபத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1974-ல் அமெரிக்காவின் சார்லட் நகரில், மூடுபனியில் இறங்கும்போது விமானிகள் அரசியலையும் பழைய கார்களையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உயரத்தில் கவனம் தவறி விமானம் நொறுங்கியது. 1981-ல் அங்கே விதி வந்தது: 10,000 அடிக்குக் கீழே, பறப்பதற்குத் தேவையில்லாத ஒரு பேச்சும் கூடாது.

இன்று ஒரு விமானி புதிய உயரத்தைக் கருவியில் பதித்தால், மற்றவர் அதைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்கிறார். விமானி பதித்த எண் பல நாடுகளில் கட்டுப்பாட்டாளரின் திரையிலும் தெரிகிறது. சர்கி தாத்ரியில் இல்லாமல் போனது இதுதான்.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. செல்பேசியின் அலைகள் சில சமயம் விமானியின் ஹெட்செட்டில் இரைச்சலாக விழும். ஓர் எண்ணை மறைக்க அந்த ஒரு நொடி போதும். அடுத்த முறை விமானம் இறங்கும்போது, உங்கள் செல்பேசி ஃப்ளைட் மோடில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.