கலாமின் ஜனாஸாவும் நம் ஊர்ப் பெரியவரின் ஜனாஸாவும்

(நமது அறக்கட்டளையின் ஜூலை மாதக் குடும்பக் கூட்டத்தில், தாராபுரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

ஜூலை மாதக் கடைசி வந்தால் நம் வீடுகளிலும் டீக்கடைகளிலும், ஏன், தொழுகை முடிந்து செருப்பு மாட்டும் இடத்திலும்கூட ஒரு வாக்குவாதம் கிளம்பிவிடுகிறது. டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களை மாமனிதர், நாயகர் என்று சொல்லலாமா கூடாதா என்ற வாக்குவாதம். நம் பிள்ளைகள் சுருக்கமாகக் கேட்கிறார்கள்: "அத்தா, அவர் நமக்கு ஹீரோவா இல்லையா?" போன மாதக் கூட்டத்திலும் இந்தப் பேச்சு வந்து, இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆகவே இன்று இதைப் பற்றியே பேசிவிடலாம் என்று நினைத்தோம்.

முதலில் அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூலை 27, திங்கட்கிழமை மாலை. ஷில்லாங்கில் மாணவர்களுக்கு உரையாற்றிக்கொண்டிருந்தபோதே கலாம் மயங்கி விழுந்தார், வஃபாத்தானார். ஜூலை 30 அன்று அவர் பிறந்த ராமேஸ்வரத்தில், பேய்க்கரும்பு என்ற இடத்தில் ஜனாஸா நல்லடக்கம் செய்யப்பட்டது. தமிழக அரசு அன்று விடுமுறை அறிவித்தது. அந்த மூன்று நாட்களும் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு அவர் படத்தை வைத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். கட்சி சொல்லி வந்த கூட்டமல்ல அது. ஆட்டோ ஓட்டுகிறவரும், பூக்கட்டுகிற அம்மாவும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தாமாகவே வந்து நின்றார்கள்.

நாமும் அழுதோம். மறைக்க வேண்டியதில்லை. படகு வைத்திருந்தவரும் பள்ளிவாசல் இமாமுமான ஜைனுலாப்தீன் அவர்களின் மகன், சிறுவயதில் பேப்பர் போட்டுச் சம்பாதித்த பிள்ளை, 2002இல் நாட்டின் ஜனாதிபதியாக உயர்ந்தார். நம் பேருள்ள ஒருவருக்காக ஊரே அழுகிறதே என்ற நெகிழ்ச்சி நமக்கும் இருந்தது.

அழுகை அடங்கியதும் தர்க்கம் தொடங்கியது. நம்மில் சிலர், "வீணை வாசித்தார், கீதை படித்தார், சமுதாயத்துக்கென்று என்ன செய்தார்?" என்று கேட்டார்கள். வேறு சிலர், "ஏவுகணை செய்தவர், 1998இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனையில் முன்னால் நின்றவர், 2011 நவம்பரில் கூடங்குளம் அணு உலை பாதுகாப்பானது என்று சொன்னபோது இடிந்தகரை மக்களின் மனம் நோகவில்லையா?" என்று கேட்டார்கள். இவை கேட்கக் கூடாத கேள்விகள் அல்ல. பெரிய மனிதர்களின் முடிவுகளைப் பற்றிப் பேச மக்களுக்கு உரிமை உண்டு.

வெளியிலிருந்து இன்னொரு குரலும் வந்தது. "முஸ்லிம் என்றால் கலாம் மாதிரி இருக்க வேண்டும்" என்பது அது. பாராட்டு போலத்தான் கேட்கும். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளையைப் பார்த்து இதைச் சொன்னால், "நீ அப்படி இல்லை, நிரூபித்துக் காட்டு" என்று அர்த்தமாகிறது. 2017 ஜூலை 27 அன்று பேய்க்கரும்பு நினைவிடம் திறக்கப்பட்டபோது, வீணையோடு இருக்கும் சிலைக்கு அருகில் கீதை செதுக்கப்பட்டிருந்தது. அதில் சர்ச்சை வந்தது. குடும்பத்தார் குர்ஆனையும் பைபிளையும் பக்கத்தில் வைத்தார்கள். அதற்கும் எதிர்ப்பு வந்தது. கபருக்குள் போய்விட்ட மனிதரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். "எங்கள் ஆள்" என்று ஒருவர், "எங்கள் ஆள் இல்லை" என்று ஒருவர், "உங்களை அளக்கும் படி இவர்தான்" என்று இன்னொருவர்.

இந்த இடத்தில் நமக்கு வழிகாட்டுதல் இல்லாமல் இல்லை. மூன்று செய்திகளை மட்டும் நினைவுபடுத்துகிறோம்.

நபி (ஸல்) அவர்களின் சின்னஞ்சிறு மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அந்தக் குழந்தையின் மரணத்துக்காகத்தான் கிரகணம் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனை இழந்து நிற்கும் தகப்பனாருக்கு ஆறுதலாக இருக்கும் பேச்சு அது. ஆனாலும் நபியவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய மரணத்துக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று திருத்தினார்கள். கண் அழலாம், மனம் வருந்தலாம். இல்லாததை ஏற்றிச் சொல்லக் கூடாது.

இரண்டாவது. ஒரு ஜனாஸா கடந்து போனது. மக்கள் அவரைப் பற்றி நல்லது சொன்னார்கள். இன்னொரு ஜனாஸா போனது; கெட்டது சொன்னார்கள். இரண்டு முறையும் நபியவர்கள், கடமையாகிவிட்டது என்றார்கள். உமர் (ரலி) விளக்கம் கேட்டபோது, முதலாமவருக்குச் சொர்க்கமும் அடுத்தவருக்கு நரகமும் கடமையானதாகச் சொல்லி, நீங்கள் பூமியில் அல்லாஹ்வின் சாட்சிகள் என்றார்கள். சாட்சி என்றால் என்ன? கண்ணால் கண்டதையும் உறுதியாகத் தெரிந்ததையும் சொல்பவர்தானே சாட்சி. வாட்ஸ்அப்பில் வந்ததைத் தள்ளிவிடுபவர் சாட்சியாக முடியாது.

மூன்றாவது, இறந்தவர்களைத் திட்டாதீர்கள், அவர்கள் தாங்கள் முற்படுத்தியதிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்ற செய்தி. ஆயிஷா (ரலி) அறிவித்தது.

அப்படியானால் கலாம் அவர்களைப் பற்றி நாம் எதற்குச் சாட்சி சொல்லலாம்?

ஒன்று. ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த பொருளைப் பார்த்த ஹைதராபாத் எலும்பு மருத்துவர் ஒருவர், அவரைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். போலியோவால் கால் சூம்பிய பிள்ளைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புச் சாதனத்தைக் காலில் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்றே வாரத்தில் 300 கிராமில் புதுச் சாதனம் செய்து கொடுத்தார்கள். அந்தப் பெற்றோரின் ஆனந்தக் கண்ணீரைப் பற்றி அவர் தம் கடைசிக் காலம் வரை ஊர் ஊராகச் சொன்னார்.

இரண்டு. ஜனாதிபதி மாளிகையின் இஃப்தார் விருந்துக்கான பணத்தை அநாதை இல்லங்களுக்கு உணவும் உடையும் போர்வையுமாக அனுப்பச் சொன்னார் என்று, அவரிடம் செயலாளராக இருந்த பி.எம். நாயர் எழுதியிருக்கிறார். தம் சொந்தப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்து, அதை வெளியே சொல்ல வேண்டாம் என்றாராம்.

மூன்று. 1979 ஆகஸ்ட் 10 அன்று அவர் தலைமையில் செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. அன்று பத்திரிகையாளர் முன்னால் போய்த் தோல்விக்குப் பொறுப்பேற்றவர், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது, நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று கலாமை அனுப்பினார். கலாம் இதைச் சொல்லாத மேடை குறைவு. ஊரே தன்னை நாயகன் என்று கொண்டாடும்போது, அவர் இன்னொரு மனிதரைக் கைகாட்டிக்கொண்டே இருந்தார்.

இதற்கெல்லாம் சாட்சி சொல்லலாம். அவருடைய தொழுகையும் உள்ளமும் அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் இடையில் உள்ளவை. அணுகுண்டிலும் அணு உலையிலும் அவர் கருத்தை ஏற்காதவர்கள் ஏற்க வேண்டாம். அதைக் கண்ணியமாகச் சொல்லட்டும். பிள்ளைகளே, உங்களிடம் யாராவது கலாம் மாதிரி இருக்கிறாயா என்று கேட்டால், வெட்கப்படவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். அவர் நல்லது செய்தார், நானும் என்னால் ஆனதைச் செய்வேன் என்று சொல்லுங்கள். நீங்கள் இந்த ஊர்க்காரர் என்பதற்கு எந்தப் பெரிய மனிதரின் சிபாரிசும் தேவையில்லை.

இவ்வளவும் படம் வைத்து அழப்பட்ட ஒரு மரணத்தைப் பற்றி. இனி, அடக்க இடமே கிடைக்காத ஒரு மரணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

2020 மார்ச் 22, மாலை 5 மணி. கொரோனாவை எதிர்த்து நின்ற மருத்துவர்களும் செவிலியர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும்தான் நிஜ ஹீரோக்கள் என்று நாடே வாசலில் நின்று கைதட்டியது. சரியாக நான்கு வாரம் கழித்து, ஏப்ரல் 19 இரவு, சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்க விடாமல் தடுத்தார்கள். வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால், அங்கே ஒரு கும்பல் கல்லும் கட்டையும் கொண்டு தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஓட்டுநர்கள் ரத்தக் காயத்தோடு ஓடினார்கள். அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப் குமார்தான், ஒன்றிரண்டு உதவியாளர்களோடு திரும்பி வந்து, நள்ளிரவில் மண்வெட்டி பிடித்து அவரை அடக்கினார். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கண்ணியமான அடக்கமும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. அந்த மாதமே தமிழக அரசு, இப்படித் தடுப்பவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் போட்டது.

ஹீரோ என்று கைதட்டிய அதே நாட்டில்தான் இதுவும் நடந்தது. பட்டம் கொடுப்பது எளிது. அந்த மனிதருக்கு ஆறடி மண் கொடுக்க வேண்டிய நேரத்தில்தான் நம் நிஜம் தெரிகிறது. அந்த நாட்களில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நம் சமுதாய இளைஞர்கள் கவச உடை மாட்டிக்கொண்டு, சாதி மதம் பார்க்காமல், அவரவர் முறைப்படி பலரை அடக்கமும் தகனமும் செய்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஒரு யூதரின் ஜனாஸா போனபோது நபியவர்கள் எழுந்து நின்று, அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்டதை அந்தப் பிள்ளைகள் செயலில் காட்டினார்கள்.

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். இதைச் சொல்ல நமக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

2015இல் கலாம் அவர்களுக்கு நாமும் பெரிதாக பேனர் வைத்தோம். பணம் வசூலித்தோம், பேனரில் யார் படம் போடுவது என்று சண்டையும் போட்டோம். அதே ஆண்டு மழைக்காலத்தில் நம் ஊரில் ஒரு பெரியவர் வஃபாத்தானார். பேர் சொல்ல வேண்டாம்; வயதானவர்களுக்கு யாரென்று தெரியும். எந்த வீட்டில் மவுத்து என்றாலும், ராத்திரி இரண்டு மணி ஆனாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து மையத்தைக் குளிப்பாட்டி, கஃபன் இட்டு, சந்தூக் தூக்கும் வரை கூட நின்றவர். கையில் கொடுத்தால்தான் வாங்குவார், கேட்கமாட்டார். எத்தனை பேரைக் குளிப்பாட்டியிருப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, "நான் கணக்கு வெச்சுக்கலைங்க, அவன் வெச்சிருப்பான்" என்றார்.

அவருடைய ஜனாஸாவில் இரண்டு வரிசைகூட நிறையவில்லை. அன்று வேலை நாள், மழை வேறு. நம்மில் பாதிப் பேருக்கு அவர் போனதே ஜும்ஆ அன்றுதான் தெரிந்தது. அவரைக் குளிப்பாட்டத் தெரிந்த ஆள் நம் ஊரில் இல்லாமல், வெளியூரிலிருந்து ஒருவர் வரும் வரை அந்த மையத்து காத்துக் கிடந்தது. நம் எல்லோரின் தாய் தகப்பன்மாரையும் குளிப்பாட்டிய மனிதர் அவர்.

மதீனாவில் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிவந்த ஒருவர் இறந்தபோது, சாதாரண ஆள்தானே என்று நபியவர்களுக்குச் சொல்லாமலே அடக்கிவிட்டார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்ட நபியவர்கள், கபர் எங்கே என்று விசாரித்துப் போய்த் தொழுதார்கள். கூட்டிப் பெருக்கியவரைக் காணவில்லையே என்று அவர்கள் தேடினார்கள். நாம் நம் பெரியவரைத் தேடவில்லை.

ஜனாஸா கடமை ஃபர்ளு கிஃபாயா என்று நமக்குத் தெரியும். சிலர் செய்தால் எல்லோருக்கும் நீங்கும். யாரும் செய்யாவிட்டால் எல்லோர் மீதும் குற்றம். இத்தனை ஆண்டுகளாக அந்த ஒரு மனிதரின் தோளில்தான் ஊரே அதை இறக்கிவைத்திருந்தது.

எனவே மூன்று காரியங்களைச் செய்வதென்று நமது நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. முதலாவது, மையத்துக் குளிப்பாட்டவும் கஃபன் இடவும் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. ஆண்களுக்குத் தனியாக, பெண்களுக்குத் தனியாக. பெண் மையத்தைக் குளிப்பாட்டத் தெரிந்த தாய்மார்கள் இன்று நம் ஊரில் விரல் விட்டு எண்ணும் அளவே இருக்கிறார்கள். எனவே சகோதரிகள் அவசியம் பெயர் கொடுங்கள். இரண்டாவது, ஏழை பணக்காரர் யார் வஃபாத்தானாலும் எல்லா மஹல்லாவுக்கும் ஒரே மாதிரி அறிவிப்பு. மூன்றாவது, இனி எந்தத் தலைவருக்கும் நம் அறக்கட்டளை பேனர் வைக்காது. அந்தப் பணம் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்குப் போகும். பிள்ளைகளோடு பேசுவதையே வேலையாக வைத்திருந்த கலாம் அவர்கள் உயிரோடு இருந்தால் இதைத்தான் விரும்பியிருப்பார் என்று நினைக்கிறோம்.

பிள்ளைகளே, கலாம் ஹீரோவா என்று கேட்டீர்கள். அவர் செய்த நல்லதைச் சொல்லிவிட்டோம். மீதியை அல்லாஹ்விடம் விட்டுவிட்டோம். அதோடு, நம் பெரியவரின் கபர் மையவாடியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நாம் எல்லோரும் அங்கே போகிறோம். தெரியாதவர்களுக்குக் காட்டுகிறோம்.

யா அல்லாஹ்! எங்களில் முந்திச் சென்றவர்களின் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக. ஊர் அறிந்தவர்களுக்கும் ஊர் அறியாதவர்களுக்கும் அவர்களின் கபர்களை விசாலமாக்குவாயாக. அவர்களுக்கு நாங்கள் செய்யத் தவறியதை மன்னிப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.