நோயாளரை இல்லஞ் சேர்த்தல்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோயுற்றாரை மருத்துவசாலைக்குக் கொண்டு சேர்ப்பார் பலர். அங்கிருந்து வீடு கொண்டு சேர்ப்பார் சிலரே. அச்சிலரது தொண்டினைக் குறித்தே யாம் இன்று பேசப் புகுந்தோம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குங்கால், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு உடனிருந்து உதவுவானையும் நான்காவதாக வைத்தார். மருத்துவனும் மருந்தும் அரசினர் மருத்துவசாலையில் விலையின்றிக் கிடைக்கும். நான்காமவன் இல்லாதார் யாது செய்வர்? தொடையெலும்பு முறிந்து அறுவை செய்யப்பெற்ற முதியவள் ஒருத்தி, தனித்து வாழ்பவள், ‘நாளை டிஸ்சார்ஜ்’ என்று கேட்டால் மகிழ்வாளென்றா எண்ணுகின்றீர்கள்? பேருந்துப் படி ஏற இயலாது. வாடகை வண்டிக்குக் கையிற் காசில்லை. வீட்டிலோ பதினைந்து நாளாய் அடுப்புப் புகையவில்லை; கழிப்பிடமும் கொல்லைப்புறத்தில். இரவில் தடுமாறி மீண்டும் விழுவாளாயின், செய்த மருத்துவம் அத்தனையும் வீணன்றோ? அங்கேயே இருக்கட்டுமென்பாரும் உளர். படுத்தே கிடக்கும் முதியோர்க்குக் கால்வலி குன்றும். மருத்துவசாலையில் வேறு நோய் தொற்றவுங் கூடும். அப்படுக்கைக்கு வேறொருவர் காத்திருப்பதையும் மறத்தலாகாது.

இக்குறையைப் பிறநாட்டாரும் கண்டுள்ளனர். இலண்டனில் ராயல் பிரீ மருத்துவசாலையார் 1895-இல் மேரி ஸ்டூவர்ட் என்னும் அம்மையாரை ‘ஆல்மனர்’ என்னும் பதவியில் அமர்த்தினர். அறக்கொடை பகிர்வார் என்பது அச்சொல்லின் பழம்பொருள். எனினும், பணங்கொடுக்க வல்லார் ஏழையரெனப் புகுந்து இலவச மருத்துவம் பெறாது தடுத்தலே அவர்க்கிட்ட முதற் பணிகளுள் ஒன்று! நாளடைவில் அப்பதவியே, நோயாளரது வீட்டுநிலையை உசாவி அறிந்து வேண்டும் உதவியைத் தேடித் தருவதாக வளர்ந்தது. வேலியாக நட்டது நிழல்மரமாயிற்று. பாஸ்டன் நகரத்து ரிச்சர்டு காபட் என்னும் மருத்துவர் 1905-இல் தம் மருத்துவசாலையில் இத்தகைய பணியைத் தொடங்கினார். நல்லுணவும் ஓய்வும் கொள்கவென்று ஏழைக்குச் சொல்லிவிட்டால் மட்டும் அவை வந்துவிடா என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நம் நாட்டில் 2011-இல் நடுவணரசு வகுத்த திட்டத்தால், அரசினர் மருத்துவசாலையில் மகப்பெற்ற தாயும் சேயும் கட்டணமின்றி வீடு சேர்க்கப்படுகின்றனர். மிக நன்று. ஆயின் அத்திட்டம் தனித்து வாழும் முதியோரைத் தழுவியதன்று. அவ்விடத்தையே நம் சங்கம் நிரப்பலாமென்கின்றோம்.

வேண்டுவது பெருநிதியன்று. வீட்டு வாயில்வரை வண்டி, வாக்கர் எனப்படும் நடைதாங்கி, கழிப்பிட நாற்காலி, ஒரு கிழமைக்கு அரிசி பருப்பு, இரவில் துணையிருக்கும் அண்டைவீட்டாளுக்குச் சிறு கூலி. பணத்தினும் அரிது விரைவு. விண்ணப்பம் எழுதி, இருவர் சான்று பெற்று, அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுவதென்றால் (நம் கூட்டங்கள் எப்பொழுது தொடங்கி எப்பொழுது முடியுமென்பது நீவிர் அறியாததன்று) அவ்வுதவி யாருக்கு? நம்பத்தக்க ஒருவரிடம் சிறுதொகை இருத்தல் வேண்டும். செவிலியர் சொல்லியனுப்பிய அன்றே அவர் செலவிடுக. கணக்கைப் பின்னர்க் கேட்போம்.

‘நம்மவர்க்கு மட்டுந்தானே?’ என்று ஓர் அன்பர் முன்னரே எம்மை வினவினார். அடுத்தடுத்த படுக்கையில் இரு கிழவியர் கிடக்க, குலங் கேட்டு ஒருத்திக்கு மட்டும் வண்டி அமர்த்த எமக்கு மனம் வாராது. இதில் நும்முட் சிலர் மாறுபடுதல் கூடும். மாறுபடுவோர் ஒருநாள் எம்மோடு வந்து அவ்வறையைக் கண்டு, பின்னர்ச் சொல்லுக.

இன்னுமொன்று. மருந்துகளின் பெயரும் வேளையும் மீண்டும் வரவேண்டிய நாளும் பெரிய தமிழெழுத்தில் எழுதி, வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு வருதல் வேண்டும். மூன்றாம் நாள் ஒருவர் சென்று பார்த்தல் வேண்டும். இளைஞர்கள் இதற்கென முன்வந்து, இக்கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் பெயர் தருவாராக.