படகுக்குள் எந்தப் பலகை?

படகின் உள்ளே குறுக்கே நிற்கும் தடுப்புப் பலகை இற்றுப்போனால் எந்த மரத்தைப் போடுவது?

பேராக்கின் பழைய தோட்டங்களில் வெட்டிய பால்மரப் பலகை கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும். அது மட்டும் வேண்டாம்! அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும். போரான் மருந்து ஏற்றிய பலகை நாற்காலிக்குச் சரி; ஓயாத ஈரத்தில் அந்த மருந்து கரைந்து போய்விடும்.

படகுக்குப் பேர்போனது செங்கால் மரம். விலை கட்டுப்படியாகாதவர்கள் மரீன் பிளைவுட் வாங்கலாம். ஆனால் தண்ணீரைக் குடிப்பது அறுத்த விளிம்புதான். அங்கே எப்பாக்சியை ஊற ஊறப் பூசுங்கள். கடல்நீரைவிட மழைநீர்தான் மரத்தை மக்கவைக்கும். அதனால், புதுப்பலகை பொருத்துவதற்கு முன்பே மேல்தளத்து ஒழுக்கை அடைத்துவிடுங்கள்.